நாலு நாளைக்குக் கலையாத தலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலை அலங்காரத்துக்கு என்னிடம் வருகிறவர்கள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் காலைநேரத்தைப் பற்றித்தான். விடிய எழும்பியதும் என்ன பூசுவது, எந்தச் சீப்பால் இழுப்பது, எப்படிப் படிய வைப்பது என்று. நான் திருப்பிக் கேட்பது, இரவு தலையை எப்படி வைத்துக்கொண்டு படுத்தீர்கள் என்பதைத்தான். ஒருமுறை தோய்ந்து, அதாவது தலைக்குக் குளித்து, அழகாக எடுத்த தலை மூன்று நாலு நாள் நிற்பதும் மறுநாளே குலைவதும் படுக்கப் போகும் முன் செய்யும் கொஞ்ச வேலையில் இருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணத்துப் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அக்கா, இரவு நன்றாக இருந்த தலை விடிய ஏன் இப்படிப் பறக்கிறது?

முதற் காரணம் உராய்வு. ஒவ்வொரு முடியின் மேலும் மெல்லிய செதில்கள், பனையோலை வேய்ந்த கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. நித்திரையில் புரளும்போது பருத்தித் தலையணை உறை அந்தச் செதில்களைக் கிளப்பிவிடுகிறது. கிளம்பிய செதில் பக்கத்து முடியில் கொழுவும். சிக்கு அப்படித்தான் விழுகிறது. அதே பருத்தி, முடியில் உள்ள ஈரப்பதத்தையும் பூசிய எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்தது வியர்வையும் காற்றின் ஈரமும். முடிக்குள் ஐதரசன் பிணைப்புகள் என்று சில உண்டு. தண்ணீர் பட்டால் அவை தளரும், காய்ந்தால் அப்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே திரும்பப் பிணையும். பின்னிக் காயவிட்ட முடி அலையாக விழுவது அதனால்தான். பிடரியில் வியர்த்து நனைந்த முடி விடிய ஒரு பக்கம் நெளிந்து எழும்பி நிற்பதும் அதே காரணத்தால்தான். கடல் சூழ்ந்த எங்கள் ஊரில் காற்றில் ஈரம் குறைவதில்லை. இரவில் கரண்ட் போய் ஃபான் நின்றுவிட்டால் சொல்லவே வேண்டாம். ஆகவே படுக்கும்போது முடியைத் தளர்வாக ஒன்றுசேர்த்து, வழுக்கும் துணியால் மூடி, வியர்க்காமல் பார்த்துக்கொண்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

எனக்குச் சுருட்டை முடி. படுத்து எழும்பினால் ஒரு பக்கம் சப்பையாகவும் மறுபக்கம் புதராகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

முடி முழுவதையும் உச்சந்தலைக்குக் கொண்டுவந்து, நெற்றிக்குக் கொஞ்சம் மேலே, துணி சுற்றிய இலாஸ்டிக்கால் ஒரே ஒரு சுற்றுக் கட்டுங்கள். இரண்டாம் சுற்று வேண்டாம். சுருள்கள் முன்னும் பக்கமும் சரிந்து விழட்டும். பார்க்க அன்னாசிப் பழத்தின் தலைப்பகுதி மாதிரி இருப்பதால் இதற்கு அன்னாசிக் கட்டு என்றே பெயர். ஆபிரிக்க வம்சாவளிப் பெண்கள் தங்கள் சுருளைக் காப்பாற்றக் கையாளும் முறை இது. எங்கள் சுருட்டைக்கும் அப்படியே பொருந்துகிறது. பிடரியும் காதுப்பக்கமும்தான் தலையணையில் உரசும் இடங்கள். அங்கே முடி இல்லாமல் மேலே தூக்கிவிட்டால் சுருள் நசுங்காது.

கட்டும்போது சீப்பு எடுக்க வேண்டாம், விரலால் கோதிச் சேர்த்தாலே போதும். விடிய இலாஸ்டிக்கை இழுத்து உருவாமல் இரு விரலால் விரித்துக் கழற்றுங்கள். கழற்றியதும் தலை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், பயப்பட வேண்டாம். முகம் கழுவித் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். அதற்குள் முடி தன் பாரத்திலேயே இறங்கிவிடும்.

முடி கட்டையாக இருந்து உச்சிக்கு எட்டாவிட்டால் இரண்டு மூன்று இடத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கட்டலாம்.

சாட்டின், பட்டு என்கிறார்களே. வாங்கத்தான் வேண்டுமா?

வழுக்கும் துணி வேண்டும், அவ்வளவுதான். பட்டு என்பது நூல். சாட்டின் என்பது நெசவு. கடையில் மலிவாகக் கிடைக்கும் சாட்டின் பெரும்பாலும் பொலியெஸ்டர் நூலில் நெய்தது. முடிக்கு இரண்டும் நல்லவைதான். பொலியெஸ்டரில் கொஞ்சம் புழுங்கும், பட்டில் அவ்வளவு புழுங்காது.

பெரியகடைப் பக்கம் எந்தப் புடைவைக் கடையிலும் சாட்டின் துணி வெட்டி வாங்கலாம். அதில் ஒரு தலையணை உறை தைத்தால் ஆரம்பத்துக்குப் போதும். தலைக்குத் தொப்பி வேண்டுமென்றால் 24 அங்குல விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டி, ஓரத்தை மடித்து, உங்கள் தலைச் சுற்றளவைவிட ஓர் அங்குலம் குறைந்த இலாஸ்டிக்கை உள்ளே கோத்து விடுங்கள். பக்கத்துத் தையற்கார அக்கா சிறிது நேரத்தில் தைத்துத் தருவார். இலாஸ்டிக் நெற்றியில் தடம் பதிக்கிறதென்றால் அது இறுக்கம். அதே இறுக்கம் நெற்றியோர முடியையும் அறுக்கும். இலாஸ்டிக்குக்குப் பதிலாக நாடா கோத்தால் இறுக்கத்தை நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

அம்மாவின் பழைய பட்டுச்சேலை கிழிந்து பெட்டிக்குள் கிடந்தால் அதைவிட நல்ல துணி கிடையாது. உடற்பகுதியை மட்டும் வெட்டுங்கள். சரிகைக் கரையும் தலைப்பும் வேண்டாம். சரிகை முடியைக் கொழுவி இழுக்கும்.

இடுப்பளவு முடி உள்ளவர்களுக்கு வட்டத் தொப்பி காணாது. பின்னிவிட்டு, பின்னலைச் சாட்டின் உறை போட்ட தலையணைக்கு மேலே எறிந்துவிட்டுப் படுப்பதே சுகம்.

சுருட்டை இல்லை, நேர் முடி. எனக்கும் இதெல்லாம் வேண்டுமா?

வேண்டும், ஆனால் சுலபம். தளர்வான ஒற்றைப் பின்னல் போடுங்கள். பிடரியிலிருந்து தொடங்காமல் ஒரு விரல்கிடை விட்டுத் தொடங்கினால் தலைமேல் வரி விழாது. விடிய லேசான அலையோடு அவிழ்க்க விருப்பமென்றால் இரண்டு பின்னல், கொஞ்சம் இறுக்கமாக. அலையே வேண்டாம் என்றால் முடியை ஒரு கயிறுபோல முறுக்கி உச்சியில் தளர்வான கொண்டையாகச் சுற்றி, அகன்ற கிளிப் ஒன்றால் பிடித்து விடுங்கள். கம்பி ஊசிகளோடு படுக்க வேண்டாம்.

ஈரத் தலையோடு பின்னிக்கொண்டு படுத்தால் அலை நன்றாக விழுகிறதே?

விழும். ஆனாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நனைந்த முடி, காய்ந்த முடியைவிடப் பலவீனமானது. தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுபடும், அதற்குமேல் போனால் அறும். அந்த நிலையில் இறுக்கிப் பின்னி, அதன்மேல் ஏழு மணித்தியாலம் புரண்டால் என்ன ஆகும்? இன்னொன்று, மூடிக் கட்டிய ஈரத் தலை இரவு முழுவதும் காயாது. பொடுகை உண்டாக்கும் மலசீசியா என்ற நுண்பூஞ்சை எல்லோருடைய தலைத்தோலிலும் இருப்பதுதான். வெதுவெதுப்பும் ஈரமும் அதற்குக் கொண்டாட்டம். கொஞ்ச நாளில் அரிப்பும் மணமும் வரும்.

அலை வேண்டுமென்றால் முடி தொண்ணூறு சதவீதம் காய்ந்த பிறகு பின்னுங்கள். தொட்டால் குளிர்மை தெரியும், ஆனால் விரலில் ஈரம் ஒட்டாது. அந்தப் பதம்தான் சரி.

கந்தசஷ்டி விரதக்காரருக்கு இது பெரிய பிரச்சினை என்று எனக்குத் தெரியும். ஐப்பசி மழை, வெயில் முகமே காட்டாது, ஆறு நாளும் தோய வேண்டும். அப்படிப்பட்ட நாட்களில் காலையிலேயே தோய்ந்துவிடுங்கள், பின்னேரத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். தோய்ந்ததும் துவாயால் முறுக்கித் தேய்க்காமல் பழைய ரீசேட்டில் பொதிந்து தண்ணீரை ஒற்றி எடுங்கள். பிறகு ஃபானுக்கு முதுகு காட்டி இருந்து, முடியை இரண்டாகப் பிரித்து முன்னே போட்டு, பிடரி காயும்வரை விரலால் உதறுங்கள். நுனி தானாகக் காயும், பிடரிதான் கடைசிவரை ஈரமாக இருக்கும். நாள்தோறும் ஷாம்பு போட வேண்டாம். மற்ற நாட்களில் வெறும் தண்ணீர் போதும்.

விளக்கு வைத்த பிறகு தலை இழுக்கக் கூடாது என்று அம்மம்மா சொல்கிறார். பிறகு எப்படி இரவில் இதெல்லாம் செய்வது?

அம்மம்மாவோடு வாக்குவாதம் வேண்டாம். பின்னேரம், விளக்கு வைக்க முன், அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே வந்து சிக்கெடுத்துத் தளர்வாகப் பின்னிவிடுங்கள். படுக்கப் போகும்போது தொப்பி போடுவது மட்டும்தான் மிச்சம், அதற்குச் சீப்புத் தேவையில்லை. உண்மையில் இந்த ஒழுங்கு முடிக்கும் நல்லது. நித்திரை கண்ணைச் சுழற்றும் நேரத்தில் அவசரமாகச் சிக்கெடுப்பவர்கள்தான் முடியை அதிகம் அறுக்கிறார்கள். தலை விரித்துப் படுக்கக் கூடாது என்று அவர் சொல்வதையும் அப்படியே கேளுங்கள்.

இரவில் எண்ணெய் வைக்கலாமா?

நுனிக்கு வைக்கலாம், அளவாக. 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தது. முடியிலிருந்து புரதம் கழிந்து போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லோரிக் அமிலம் முடியின் உள்ளே இறங்கக்கூடியது. ஆகவே பாட்டிமார் வைத்தது வீண் போகவில்லை. ஆனால் தலை அலங்காரம் நாலு நாள் நிற்க வேண்டுமென்றால் எண்ணெய் வழியக் கூடாது. மூன்று நாலு துளியை உள்ளங்கையில் தேய்த்து, முடியின் கீழ்ப் பாதியில் மட்டும் தடவுங்கள். பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெய் ஊறவிட்டுப் படுக்கவே வேண்டாம்.

நல்லெண்ணெய் வைத்து முழுகும் சனிக்கிழமை வேறு கணக்கு. எண்ணெய் வைத்து, கொஞ்ச நேரம் ஊறி, சீயாக்காய் அரப்பு வைத்து முழுகிவிடுவோம். அதை இரவு முழுவதும் தலையில் விடுவதில்லை.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தோய்ந்தால் முடி கயிறு மாதிரி ஆகிறது. படுக்கைத் துணியை மாற்றி என்ன பயன்?

நியாயமான கேள்வி. குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல். மழைநீர் அதற்குள் ஊறி இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு போகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அதே படிவு முடியிலும் ஏறும். சவர்க்காரம் போட்டுத் தலை கழுவினால் இன்னும் மோசம். கல்சியமும் சவர்க்காரமும் சேர்ந்து கரையாத கசடாகி முடியில் ஒட்டிக்கொள்ளும். முடி பாரமாக, மங்கலாக, கரகரப்பாக இருக்கும். அப்படிப்பட்ட முடி எந்த வடிவிலும் நிற்காது. சாட்டின் தொப்பியால் அதைத் திருத்த முடியாது.

சவர்க்காரத்தை விட்டுவிடுங்கள். ஷாம்புவோ அரப்போ போடுங்கள். சீயாக்காய், வெந்தயம், பாதித் தேசிக்காய் போட்டு அவித்து அரைத்த அரப்பில் புளிப்பு இருக்கிறது. அது அந்தப் படிவைக் கழற்ற உதவும். ஷாம்பு போடுபவர்கள் கடைசியில் ஒரு செம்புத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேசிப்புளி விட்டு வார்த்து, பிறகு நல்ல தண்ணீரால் அலசலாம். வாரத்தில் ஒருமுறை போதும். புளி கூடினால் முடி வரளும், தலையில் புண் இருந்தால் எரியும். கரையோரத்தில் கிணறு சவராக இருக்கிறவர்கள், மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரைக் கடைசி அலசலுக்கு வைத்திருங்கள். ஒருமுறை அதில் அலசிப் பார்த்தால் வித்தியாசத்தைக் கை சொல்லும்.

விடிய எழும்பியதும் என்ன செய்ய வேண்டும்?

கூடியவரை ஒன்றும் செய்யாமல் இருங்கள். எங்கே கலைந்திருக்கிறதோ அங்கே மட்டும் கை வையுங்கள். ஸ்பிரே போத்தலில் தண்ணீர் நிரப்பி, கொஞ்சம் கற்றாழைச் சோற்றை மசித்து வடித்து விட்டு, அந்த இடத்தில் மட்டும் இரண்டு தரம் விசிறுங்கள். நசுங்கிய சுருளை விரலில் சுற்றிச் சிறிது நேரம் பிடித்து விடுங்கள். கற்றாழை கலந்த தண்ணீரை இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம், புளித்துவிடும். தலை முழுவதையும் நனைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

மகளுக்குப் பள்ளிக்கூடம் ஏழரைக்கு. இரட்டைப் பின்னலை இரவே போட்டுவிடலாமா?

தாராளமாக. பின்னேரம் சிக்கெடுத்து, வகிடு எடுத்து, இரண்டாகப் பின்னி, நுனியில் மெல்லிய இலாஸ்டிக் போட்டு விடுங்கள். மடித்துக் கட்டுவதும் ரிபனும் காலையில். நெற்றியோரத்தில் எழும்பும் குறுமயிரை மட்டும் ஈரக் கையால் தடவிவிட்டால் போதும். ஆனால் இரவுக்குப் போடும் பின்னல் காலைப் பின்னலைவிடத் தளர்வாக இருக்க வேண்டும். பிள்ளை தலை வலிக்கிறது என்றால் நம்புங்கள். நெற்றியோரம் வருடக்கணக்கில் இழுபட்டால் அந்த இடத்து முடியின் வேர் களைத்து உதிரத் தொடங்கும். தொடக்கத்தில் தளர்த்திவிட்டால் திரும்ப முளைக்கும். நாட்பட்டுவிட்டால் முளைக்காமலும் போகலாம். எங்கள் பிள்ளைகள் பலருக்கு வகிடும் நெற்றியும் அகன்று வருவதைப் பார்க்கிறேன், மனம் கஷ்டப்படுகிறது. பள்ளிக்கூடம் கேட்பது ஒழுங்கான பின்னலைத்தான். தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கச் சொல்லி எவரும் கேட்கவில்லை.

பிள்ளைகளின் தொப்பியும் சீப்பும் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும், பேன் பரவாமல் இருக்க.

நல்லூர்த் தேருக்கு விடியப் புறம் போக வேண்டும். தலையை எப்போது எடுப்பது?

தேருக்கு முதல் நாள், சப்பரத்துக்குப் போகும் நாளே. அதாவது 23ஆம் திருவிழாவன்று காலையில் தோய்ந்து காயவிடுங்கள். பின்னேரம் சப்பரம் பார்க்கப் போகும்போது தளர்வான பின்னல். திரும்பி வந்ததும் பூவை எடுத்து, புழுதியை மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்து, சாட்டினால் மூடிப் படுங்கள். தேரன்று உடம்புக்கு மட்டும் வார்ப்பவர்கள் தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை ஒன்று போட்டு வார்க்கலாம். தோயத்தான் வேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கமானால் தோய்ந்து, பாதி காய்ந்த தலையைத் தளர்வாக முடிந்துகொண்டு போங்கள், இறுக்கிக் கட்ட வேண்டாம். வீதியின் வெயில் மிச்சத்தைக் காயவைக்கும். மறுநாள் தீர்த்தம். அதற்கும் அதே தலை நிற்கும்.

கல்யாணத் தலையை மறுநாளுக்கும் வைத்திருக்கலாமா?

கூடாது. சடைநாகமும் பூச்சடையும் வைத்துக் கட்டிய தலைக்குள் எத்தனையோ ஊசி, பொய்முடி, இறுகிய ஸ்பிரே. அன்றிரவே எல்லாவற்றையும் கழற்றுங்கள், எவ்வளவு களைத்திருந்தாலும். தோழி ஒருத்தியைப் பக்கத்தில் இருத்தி, ஊசிகளை எண்ணி எடுக்கச் சொல்லுங்கள். ஸ்பிரே பிடித்த இடத்தில் காய்ந்தபடி சீப்பு போட்டால் முடி கொத்தாக வரும். எண்ணெய் தடவி இளக்கி, விரலால் பிரித்து, மறுநாள் கழுவுங்கள். நாலாம் சடங்குக்கு வேண்டிய தலையை அதற்கு முதல் நாள் இரவு பின்னிப் படுத்து, அலையாக அவிழ்த்து எடுக்கலாம். கல்யாணத்தன்று பட்ட பாட்டுக்குப் பிறகு தலைக்கும் ஓய்வு வேண்டும்.

பூ வைத்தபடி படுத்தால்?

வாடிய மல்லிகையின் சாறு முடியிலும் உறையிலும் கறையாகும், நார் சிக்கும். எடுத்துவிடுங்கள்.

லண்டனிலிருந்து வந்த பெறாமகள் தலை முழுக்கச் சிறு சிறு பின்னலாகப் போட்டிருக்கிறாள். எங்கள் வெயிலில் அதை எப்படிப் பார்ப்பது?

ஆபிரிக்க வம்சாவளி மக்களின் கலை அது. அதைப் பேணும் அறிவும் அவர்களுடையதுதான். இரவில் தலையைப் பட்டுத் துணியால் கட்டும் வழக்கம் அவர்களிடம் தாயிடமிருந்து மகளுக்கு வருவது. அவர்கள் தலைத்துணிக்கு நீண்ட கதை உண்டு. 1786இல், இன்று அமெரிக்காவில் இருக்கும் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் எஸ்தெபான் மிரோ, கறுப்பினப் பெண்கள் தலையைத் துணியால் மூடவேண்டும் என்று ஆணையிட்டார். அவர்கள் அழகு பிறர் கண்ணை உறுத்தியதுதான் காரணம். பெண்களோ அந்தத் துணியையே வண்ணவண்ணமாகக் கட்டி அழகாக்கிக்கொண்டார்கள்.

சரி, உங்கள் பெறாமகளுக்கு: இரவில் பின்னல்களைச் சேர்த்து உச்சியில் தளர்வாகக் கட்டி, பெரிய சாட்டின் துணியால் மூடட்டும். பின்னலுக்கு இடையில் தெரியும் தோலை, தண்ணீர் கலந்த ஷாம்புவால் வாரம் ஒருமுறை பஞ்சால் துடைக்கலாம். கசூரினாக் கடற்கரையிலோ கீரிமலைக் கேணியிலோ குளித்தால் நல்ல தண்ணீரால் அலசி, வெயில் இருக்கும்போதே முழுதாகக் காயவைக்க வேண்டும். பொய்முடி சேர்த்த பின்னல் உள்ளே காய நெடுநேரம் எடுக்கும். ஆறிலிருந்து எட்டுக் கிழமைக்குள் அவிழ்த்துவிடுவது நல்லது. அவிழ்க்கும்போது கொத்தாக முடி வந்தால் அழ வேண்டாம். ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. அவ்வளவு நாளும் உதிர்ந்தது பின்னலுக்குள்ளேயே நின்றிருக்கிறது.

பறட்டைத் தலை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நேராக்கிவிட்டால் இந்தக் கரைச்சல் இல்லைத்தானே?

நேராக்கும் மருந்து, ஐதரசன் பிணைப்பைவிட ஆழமான கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. உடைந்த முடி பழையபடி ஆகாது. புதிதாக முளைப்பதோ மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர், அதுவும் சுருட்டையாகத்தான். இரண்டு விதமான முடி ஒரே தலையில் சந்திக்கும் இடத்தில் அறுந்து அறுந்து விழும். கரைச்சல் கூடுமே தவிரக் குறையாது.

அதைவிட முக்கியமானது ஒன்றைச் சொல்லவேண்டும். உங்கள் முடியில் பிழை இல்லை. அதை நேர்முடிபோலக் காய்ந்தபடி சீப்பால் இழுப்பதால் அது பறக்கிறது. ஈரத்தில் சிக்கெடுத்து, தொடாமல் காயவிட்டு, இரவில் மூடிப் படுத்தால் அதே முடி சுருள் சுருளாக விழும். பிறந்தபடி இருக்கும் முடிக்காக வேலைத்தலத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று 2019இல் கலிபோர்னியா சட்டமே போட்டது. எங்கள் வீடுகளில் பறட்டை என்ற ஒரு சொல்லை நிறுத்தினால் போதும்.

மகனுக்கும் சுருட்டை. தொப்பி போட வெட்கப்படுகிறான்.

சாட்டின் தலையணை உறை போதும்.

அப்படியென்றால் எத்தனை நாளைக்குத் தோயாமல் வைத்திருக்கலாம்?

சுருட்டைக்கு மூன்றிலிருந்து ஐந்து நாள், நேர்முடிக்கு இரண்டு மூன்று நாள். வைகாசியிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றில் புழுதி ஏறும், அப்போது ஒரு நாள் குறையும். தை மாசி வாடையில் ஒரு நாள் கூடவும் நிற்கும். தலைத்தோல் அரித்தாலோ மணம் வந்தாலோ நாளை எண்ணிக்கொண்டிருக்காமல் தோயுங்கள்.

தொப்பியை எப்போது தோய்க்க வேண்டும்?

கிழமைக்கு ஒருமுறை, தலை தோயும் நாளிலேயே. உள்ளே எண்ணெயும் வியர்வையும் பிடித்திருக்கும். ஷாம்பு கொஞ்சம் விட்டுக் கையால் கசக்கி அலசி, நிழலில் காயப்போடுங்கள். கடும் வெயிலில் பட்டு இற்றுப்போகும். மாற்றிப் போட இன்னொன்று இருந்தால் வசதி.